பழைய எம்எஃப்சி மென்பொருளைப் பல மொழிகளில் கொண்டுவருவது: டூல் வாங்குவதற்கு முன்

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஷுவல் சி++ 6-இல், மைக்ரோசாஃப்டின் எம்எஃப்சி என்ற நிரல் நூலகத்தை வைத்து எழுதி, 2001 முதல் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பில்லிங், ஸ்டாக் மென்பொருள். மூலநிரல் கையில் இருக்கிறது, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இதுவரை ஆங்கிலம் மட்டும்; இனி மலாய், அரபு, தமிழ், சிங்களம் நான்கிலும் வேண்டும். மென்பொருளை மொழிபெயர்க்க உதவும் டூல்களான பாசோலோ, சிசுலைசர், அல்கெமி கேட்டலிஸ்ட் ஆகியவற்றில் எதை வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும்?

எதை வாங்கினாலும் இன்றைய நிலையில் மலாய் முடியும். அரபு அரைகுறையாக வரும். தமிழும் சிங்களமும் வராது. இதில் டூலின் குறை எதுவும் இல்லை. உங்கள் நிரலுக்குள் அந்த எழுத்துகள் நுழைய வழியே இல்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்த பிறகு எந்த டூலாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இராது. அதனால் டூலைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

முதலில் ஒரு பொறி. இந்த டூல்களின் டெமோவைப் பார்த்தால் யாரும் ஏமாந்துபோவார்கள். உங்கள் இஎக்ஸ்இ கோப்பை அப்படியே திறக்கும். மெனு, டயலாக், ஸ்ட்ரிங் டேபிள் (நிரல் காட்டும் சொற்கள், செய்திகளின் பட்டியல்) எல்லாவற்றையும் பட்டியல் போடும். பக்கத்தில் தமிழில் தட்டினால் டயலாக் முன்னோட்டத்தில் தமிழ் அழகாகத் தெரியும். இவை இருக்கும் இடத்துக்கு ரிசோர்ஸ் பகுதி என்று பெயர். 32-பிட் விண்டோஸில் அங்கே இருக்கும் ஸ்ட்ரிங்குகள் எப்போதுமே, எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூனிகோடின் யுடிஎஃப்-16 வடிவில்தான் சேமிக்கப்படுகின்றன, நிரல் எவ்வளவு பழையதாக இருந்தாலும். ஆகவே டூல் தமிழை உள்ளே வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் நிரல் ஓடும்போது வருகிறது. விஷுவல் சி++ 6-இல் ஒன்றும் மாற்றாமல் உருவாக்கிய எம்எஃப்சி நிரல் விண்டோஸின், யூனிகோட் அறியாத பழைய ஆன்சி வகைச் செயல்கூறுகளையே கூப்பிடும். லோட்ஸ்ட்ரிங் என்று நிரலில் எழுதியிருந்தாலும் உண்மையில் ஓடுவது அதன் ஆன்சி வடிவம். அது ரிசோர்ஸிலிருந்து யுடிஎஃப்-16 எழுத்தை எடுத்து, அந்தக் கணினியின் கோட் பேஜுக்கு, அதாவது அதில் அமைத்திருக்கும் பழைய எழுத்துப் பட்டியலுக்கு, மாற்றித் தரும். கோட் பேஜில் இல்லாத எழுத்துக்குக் கேள்விக்குறி. முன்னோட்டத்தில் ‘விற்பனை’ என்று இருந்தது கடையில் ஏழு கேள்விக்குறியாக நிற்பது இப்படித்தான்.

இந்த இடத்தில் உங்கள் நான்கு மொழிகளும் மூன்று வகையாகப் பிரிகின்றன. மலாய் ரோமன் எழுத்தில் எழுதப்படுவது, 1252 என்ற மேற்கத்திய கோட் பேஜே போதும். யூனிகோட் மாற்றம் இல்லாமலே இன்றைக்கே தொடங்கலாம். அரபுக்கு 1256 என்று ஒரு கோட் பேஜ் இருக்கிறது. ஆனால் கணினியில் ‘யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி’ என்ற அமைப்பை அரபுக்கு மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும். அது கணினி முழுவதற்கும் ஒரே அமைப்பு. வளைகுடாவில் ஒரு கடைக்காரர் அரபு பில்லிங் மென்பொருளோடு வேறு கோட் பேஜை நம்பும் ஒரு பழைய மென்பொருளையும் ஓட்டினால், இரண்டில் ஒன்று உதைக்கும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் விண்டோஸில் ஆன்சி கோட் பேஜ் என்பதே கிடையாது. தமிழ் விண்டோஸ் 2000-இல் உள்ளே வந்தபோதே யூனிகோட் வழியாக மட்டும்தான் வந்தது. அதனால் அந்த அமைப்பில் பழைய கோட் பேஜ் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆன்சி நிரலில் தமிழ் வராது.

எந்த மொழிக்கு எத்தனை வாடிக்கையாளர் என்று பார்த்து வரிசை போடுவது வியாபாரத்துக்குச் சரி. வேலைத் திட்டம் போடும்போது, எந்த மொழியை நிரல் இப்போதே தாங்கும் என்று பார்த்துத்தான் வரிசை போட வேண்டும். மலாய் முதலில். அப்புறம் நிரலை யூனிகோடுக்கு மாற்றுவது. அதன்பின் தமிழும் சிங்களமும் சேர்ந்து. அரபு கடைசியில், அதற்கு வலமிருந்து இடம் என்ற தனி வேலை இருக்கிறது.

யூனிகோடுக்கு மாற்றாமல் தப்பிக்க இரண்டு குறுக்கு வழிகளை உங்களிடம் யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். ஒன்று, பாமினி மாதிரி பழைய 8-பிட் எழுத்துருவை டயலாக்கில் போட்டுவிடுவது. பார்க்கத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான். வாடிக்கையாளர் பெயரைத் தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, எக்செலுக்கு அனுப்பினால் குப்பை. சிங்களத்துக்கு இன்னொரு எழுத்துரு, அதற்கு வேறொரு தட்டச்சு முறை. 2001-இல் இதைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று செய்வது வாடிக்கையாளரின் தரவைக் கெடுப்பது.

இரண்டாவது வழி கொஞ்சம் நியாயமானது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, நிரலின் மேனிஃபெஸ்ட் கோப்பில் (நிரலைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில்) ஒரு வரி சேர்த்தால் அந்த நிரலுக்கு மட்டும் கோட் பேஜ் யுடிஎஃப்-8 ஆகிவிடும். பழைய ஆன்சி செயல்கூறுகளே யுடிஎஃப்-8 வாங்கிக்கொள்ளும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் திரையில் எழுத்து வரையும் ஜிடிஐ பகுதி இதை மதிப்பதில்லை, கணினி முழுவதற்கும் உள்ள கோட் பேஜையே பார்க்கிறது என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. பில்லிங் மென்பொருள் என்றால் கட்டம், பில், பட்டியல் எல்லாமே ஜிடிஐ வரைந்ததுதான். திரையே இல்லாமல் பின்னணியில் ஓடும் நிரலுக்கு இந்த வழி நன்றாக உதவும். உங்களுக்கு உதவாது.

ஆக, யூனிகோட் மாற்றம்தான். இதற்கு முதல் படி விஷுவல் சி++ 6-ஐ விட்டு வெளியே வருவது. அதிலும் யூனிகோட் எம்எஃப்சி உண்டு. ஆனால் ரிசோர்ஸின் மூலவடிவமான ஆர்சி கோப்பை அதன் எடிட்டர் ஆன்சியில்தான் வைத்துக்கொள்ளும். புதிய விஷுவல் ஸ்டுடியோவுக்குப் போனதும் முதல் நாள் நூற்றுக்கணக்கில் பிழை காட்டும், பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். ஃபார் சுழலில் அறிவித்த மாறியைச் சுழலுக்கு வெளியேயும் பயன்படுத்தியிருப்பார்கள், பழைய கம்பைலர் விட்டுவிடும், புதியது விடாது. பழைய ஐஓஸ்ட்ரீம் தலைப்புக் கோப்பு இப்போது இல்லை. இந்த மாதிரிதான். ஆங்கிலத்திலேயே, ஆன்சியிலேயே புதிய கம்பைலரில் ஒழுங்காக ஓடும் நிலைக்கு முதலில் கொண்டுவந்து, அதை ஒரு பதிப்பாக வெளியிட்டும் விடுங்கள். யூனிகோட் மாற்றத்தை அதற்குப் பிறகு தொடங்குங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், எந்தப் பிழை எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

யூனிகோட் என்று அறிவித்து கம்பைல் செய்ததும் இன்னொரு பிழைக் கூட்டம் வரும். கம்பைலர் காட்டும் பிழைகள் நல்லவை. காட்டாதவைதான் ஆபத்து. நினைவக அளவை பைட்டில் கேட்கும் இடமும் எழுத்து எண்ணிக்கையில் கேட்கும் இடமும் ஆன்சியில் ஒன்றுதான். யூனிகோடில் ஒன்று மற்றதன் இரட்டிப்பு. சைஸ்ஆஃப் என்று எழுதிய ஒவ்வொரு இடத்தையும் ஆள் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

அடுத்தது தரவுக் கோப்பு. மாற்றத்திலேயே அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. அந்தக் காலத்து நிரல்களில் வாடிக்கையாளர் பெயருக்கு 30 பைட் என்று ஒதுக்கி, ஸ்ட்ரக்சரை அப்படியே டிஸ்கில் எழுதியிருப்பார்கள். யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் யூனிகோட் குறிக்கு 3 பைட். உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் பெரும்பாலும் இரண்டு குறிகள். ‘புதுக்கோட்டை’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, குறிகள் 12, பைட்டுகள் 36. முப்பதுக்குள் ஊர்ப் பெயரே அடங்கவில்லை. வெட்டினால் குறியின் நடுவில் வெட்டும், கடைசி எழுத்து உடையும். ஆகவே கோப்பு வடிவத்துக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, பழைய கோப்பைத் திறக்கும்போது புதிய வடிவத்துக்கு மாற்றும் நிரல் ஒன்று எழுத வேண்டும், பழையதை நகலெடுத்து வைத்துக்கொண்டு. எம்எஃப்சி-யின் சொந்தச் சேமிப்பு முறையான சீரியலைசேஷனில் சேமித்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எம்எஃப்சி-யின் ஸ்ட்ரிங் வகையான சிஸ்ட்ரிங்கை எழுதும்போது அது யூனிகோட் என்பதற்கு ஓர் அடையாளத்தைச் சேர்த்தே எழுதும், அடையாளம் இல்லாத பழைய ஸ்ட்ரிங்கையும் சரியாகப் படித்துவிடும். ஆக்ஸஸ் தரவுத்தளம் என்றால் 97 வடிவமா 2000 வடிவமா என்று பாருங்கள். ஆக்ஸஸ் 2000-உடன் வந்த ஜெட் 4.0 என்ற தரவுத்தள இயந்திரத்திலிருந்துதான் உள்ளே யூனிகோட்.

சரி, எழுத்து இப்போது உள்ளே வரும். அடுத்து, மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்கே படாத ஸ்ட்ரிங்குகள். டூல் ரிசோர்ஸில் இருப்பதைத்தான் எடுக்கும். நிரலின் நடுவில் மேற்கோளுக்குள் எழுதிய ஆங்கிலச் செய்தி அதன் கண்ணில் படாது. அவற்றைத் தேடி எடுத்து ஸ்ட்ரிங் டேபிளுக்கு மாற்றும் வேலை அலுப்பானது, ஆனால் நேரடியானது. ஒரே எச்சரிக்கை: கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ரெஜிஸ்ட்ரி சாவி, எஸ்க்யூஎல் வரி, கோப்புப் பெயர், ஐஎன்ஐ தலைப்பு இவையும் மேற்கோளுக்குள்தான் இருக்கும். அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் அவர் பொறுப்பாக மொழிபெயர்த்தும் விடுவார்.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. திரையில் தெரியும் சொல்லை வைத்தே நிரல் முடிவெடுப்பது. காம்போ பாக்ஸில் ‘கேஷ்’, ‘கிரெடிட்’ என்று இருக்கும். நிரல் அந்தச் சொல்லை வாசித்து, ‘கேஷ்’ என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி என்று போகும். மொழிபெயர்த்த மறுநிமிடம் எல்லா விற்பனையும் கடன் விற்பனை ஆகிவிடும், பிழைச் செய்தியே வராது. தரவுத்தளத்திலும் அதே ஆங்கிலச் சொல்லைச் சேமித்திருப்பார்கள். காம்போ வரிசை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை இணைத்து, ஒப்பிடுவதும் சேமிப்பதும் எண்ணாக மட்டும் இருக்கும்படி மாற்ற வேண்டும். மலாய் வெளியிடும் முன்பே இதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் இதற்கும் யூனிகோடுக்கும் சம்பந்தம் இல்லை.

துண்டு துண்டாக ஒட்டிய வாக்கியங்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என்று ஒட்டியிருந்தால் தமிழிலும் சிங்களத்திலும் அந்த வரிசை நிற்காது, வினை கடைசிக்குப் போக வேண்டும். முழு வாக்கியத்தையும் ஒரே ஸ்ட்ரிங்காக வைத்து, சதவீதக் குறியோடு 1, 2 என்று எண் போட்ட இடங்களை விடுங்கள். எம்எஃப்சி-யில் அதற்கு ஃபார்மட்மெசேஜ் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் 2-ஐ முன்னால் போட்டாலும் வேலை செய்யும். பழைய ஃபார்மட் செயல்கூறில் வரிசையை மாற்றினால் நிரலே விழுந்துவிடலாம். பன்மைக்கு விண்டோஸ் ரிசோர்ஸில் எந்த ஏற்பாடும் இல்லை. தமிழுக்கு ஒருமை, பன்மை என இரண்டு வடிவம் போதும், அரபுக்கு ஆறு. ‘5 பொருட்கள் சேர்க்கப்பட்டன’ என்பதை ‘சேர்த்த பொருட்கள்: 5’ என்று மாற்றி எழுதிவிட்டால் ஆறு வடிவமும் தேவைப்படாது. அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மொழிபெயர்ப்பை எங்கே வைப்பது? மொழிக்கு ஓர் இஎக்ஸ்இ என்று கட்டாதீர்கள், ஒரு பிழை திருத்த ஐந்து கோப்பு அனுப்ப வேண்டி வரும். ரிசோர்ஸ் மட்டும் உள்ள டிஎல்எல் (நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு) மொழிக்கு ஒன்றாக இருக்கட்டும். எம்எஃப்சி 7.0 முதல், நிரலின் பெயரோடு மொழியின் மூன்றெழுத்துக் குறியைச் சேர்த்த டிஎல்எல் அருகில் இருந்தால் அதைத் தானே ஏற்றிக்கொள்ளும். அது விண்டோஸின் திரைமொழியைப் பின்பற்றும். உங்கள் கடைக்காரர்களில் பலர் விண்டோஸை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு பில்லிங்கை மட்டும் தமிழில் கேட்பார்கள். அதனால் நிரலுக்குள்ளேயே மொழி தேர்வு வைத்து, தொடங்கும்போது டிஎல்எல்லை நீங்களே ஏற்றுவது மேல். பழைய நிரல்களில் இதற்காக செட்த்ரெட்லோக்கேல் என்ற செயல்கூறைப் பயன்படுத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். ரிசோர்ஸ் மொழியைத் தேர்வதில் அதற்கு இருந்த செல்வாக்கு விஸ்டாவோடு போய்விட்டது.

திரை அமைப்பைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே போலி மொழி ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் மலிவான சோதனை. எல்லா ஸ்ட்ரிங்கையும் தானாக நீட்டி, உச்சரிப்புக் குறி போட்ட எழுத்துகளாக மாற்றி, இரு முனையிலும் அடைப்புக்குறி வைத்து ஒரு டிஎல்எல் கட்டுவது. முனை அடைப்புக்குறி தெரியவில்லை என்றால் இடம் போதவில்லை; சாதாரண ஆங்கிலம் தெரிந்தால் அது இன்னும் நிரலுக்குள் புதைந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டே விஸ்டாவில் இதற்கென்று போலி லோக்கேல்களை (மொழி, வட்டார அமைப்புகளை) சேர்த்தது. வாங்கக்கூடிய டூல்களிலும் இந்த வசதி உண்டு. பத்தெழுத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல் மற்ற மொழியில் இரண்டு மூன்று மடங்கு வரை நீளும் என்று ஐபிஎம்-இன் பழைய வழிகாட்டுதல் ஒன்று உண்டு, பொத்தான்களுக்கு அதையே கணக்காக வையுங்கள். தமிழுக்கு அகலத்தோடு உயரமும் வேண்டும். ‘பூ’, ‘கூ’ போன்றவற்றின் கால்கள் ஆங்கிலத்துக்கென்று அளந்த கட்டத்தில் அடிபடும். டயலாக்கில் எம்எஸ் சான்ஸ் செரிஃப் எழுத்துரு இருந்தால், தமிழ் டிஎல்எல்லில் நிர்மலா யுஐ போடுங்கள். விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் இருக்கிறது, சிங்களத்துக்கும் அதுவே போதும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைகள் இருந்தால் தமிழுக்கு லதா. மெனுவில் ஆல்ட் குறுக்குவிசைக்குத் தமிழ் எழுத்தை வைக்காதீர்கள். ‘கோப்பு’ என்று போட்டு அடைப்புக்குறிக்குள் பழைய ஆங்கில எழுத்தையே அடிக்கோட்டோடு விடுவது வழக்கம். பல வருடமாக அதே விசையைத் தட்டிப் பழகிய கல்லாக்காரர் கை மாறாது.

அரபுக்கு டயலாக்கும் சாளரமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் புரள வேண்டும். விண்டோஸில் அதற்கென்று பாணிக் குறி இருக்கிறது. செட்ப்ராசஸ்டிஃபால்ட்லேஅவுட் என்பதைத் தொடக்கத்தில் கூப்பிட்டால் சாதாரண சாளரங்கள் தாமே புரளும். நீங்களே வரைந்த கட்டங்களும் படங்களும்தான் தகராறு செய்யும். லோகோ புரண்டு நிற்கும், எக்ஸ் அச்சுக் கணக்கு தலைகீழாகும். அந்தக் காலத்து ஆக்டிவ்எக்ஸ் கிரிட் (வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த கட்டக் கூறு) ஏதாவது வைத்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டு வேறு வாங்குவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அவற்றில் பலவும் யூனிகோடே காட்டாதவை.

இப்போது டூல். மேலே சொன்னதெல்லாம் முடிந்தபின் உங்களிடம் இருப்பது ஒழுங்கான ஓர் ஆர்சி கோப்பு. டயலாக் இருபது முப்பதுதான், நான்கு மொழி, வருடத்துக்கு ஒன்றிரண்டு பதிப்பு என்றால் இலவச வழியே போதும். டிரான்ஸ்லேட் டூல்கிட் என்ற தொகுப்பில் ஆர்சி-யைப் பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பாக மாற்றவும் திரும்ப ஆர்சி ஆக்கவும் நிரல்கள் இருக்கின்றன. பிஓ-வை போஎடிட் என்ற எடிட்டரில் திறக்கலாம், நான்கு பேர் சேர்ந்து செய்தால் வெப்லேட் என்ற இணையத் தளத்தில் ஏற்றலாம். ஆர்சி கோப்பை யுடிஎஃப்-16-இல் வைத்திருங்கள், ரிசோர்ஸ் கம்பைலருக்கு அது பிடிக்கும். இந்த வழியின் குறை, மொழிபெயர்ப்பாளர் டயலாக்கைப் பார்க்காமலே வேலை செய்வார். நூற்றுக்கணக்கில் டயலாக் இருந்து, ஒவ்வொரு மொழியிலும் அளவை இழுத்துச் சரிசெய்ய வேண்டும் என்றால் பாசோலோவோ சிசுலைசரோ போட்ட காசை மீட்டுத் தரும். புதிய பதிப்பில் எது மாறியது என்பதை மட்டும் காட்டுவது, குறுக்குவிசை மோதல், வெட்டுப்பட்ட எழுத்து, விட்டுப்போன சதவீதக் குறி இவற்றைச் சோதிப்பது, இதற்குத்தான் அந்தக் காசு. எந்த வழியானாலும் ஸ்ட்ரிங்கின் அடையாள எண்ணைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றாதீர்கள், நீக்கிய எண்ணை வேறு ஸ்ட்ரிங்குக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பழைய மொழிபெயர்ப்பு புதிய பொத்தானில் வந்து உட்காரும். ரிசோர்ஸ் ஹேக்கர் வைத்து இஎக்ஸ்இ-யை நேராகத் திருத்துவதை மூலநிரல் தொலைந்தவர்களுக்கு விட்டுவிடுங்கள். டிஜிட்டல் கையொப்பம் போட்ட கோப்பென்றால் அது அப்போதே செல்லாமல் போகும்.

உதவிக் கோப்பு இரண்டு வரியில்: பழைய எச்எல்பி வடிவம் விஸ்டாவிலேயே நின்றுபோனது. சிஎச்எம் வடிவத்தில் பொருளடக்கமும் சொல்லடைவும் கோட் பேஜை நம்பியவை, தமிழ் அங்கே மறுபடி கேள்விக்குறியாகும். சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாகப் போட்டுவிடுங்கள். நிறுவிக்கு இன்னோ செட்டப் 6 எடுத்தால் அது முழுக்க யூனிகோட்.

அச்சு மட்டும் பாக்கி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேரடியாக எழுத்துக் குறிகளை அனுப்பி வேகமாக பில் அடிக்கும் முறையில்தான் உங்கள் நிரலும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த முறையில் பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துகள்தான் வரும், தமிழோ சிங்களமோ அங்கே இல்லை. விண்டோஸ் டிரைவர் வழியாகப் படமாக அனுப்ப வேண்டும். வந்துவிடும், ஆனால் மெதுவாக. மாலை நேரக் கூட்டத்தில் ஒரு பில்லுக்குக் கூடுதலாக ஆகும் நொடிகளைக் கடைக்காரர் பொறுப்பாரா என்று விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள். திரை தமிழில், பில் ஆங்கிலத்தில் என்று அவரே சொல்லவும் கூடும், அப்படியானால் அச்சுப் பகுதியைத் தொடவே வேண்டாம்.